பார்கின் சுடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம், நவம்பர் நெருங்கினால் பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் கறுத்த, பிசுபிசுத்த ஒரு கேக் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்துவிடும். அதன் பெயர் பார்கின். ஓட்ஸ், இஞ்சிப்பொடி, கரும்புப் பாகு மூன்றும்தான் அதற்கு ஆதாரம். நான் யார்க்ஷயரின் லீட்ஸுக்குக் குடிவந்து முதல் இரண்டு குளிர்காலமும் இதைக் கெடுத்தேன். மூன்றாவது வருடம் கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு நண்பர்கள் போனிலும் நேரிலும் கேட்ட கேள்விகளைக் கிட்டத்தட்ட கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன்.

இது ஜிஞ்சர்பிரெட்தானே? எதற்குத் தனிப் பெயர்?

சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. ஜிஞ்சர்பிரெட்டுக்கு மைதா மட்டுமே போதும். பார்கினுக்கு ஓட்ஸ் கட்டாயம். அதுவும் காலையில் கஞ்சிக்குப் போடும் தட்டை ஓட்ஸ் இல்லை. ரவை மாதிரி உடைத்த ஓட்மீல். கடிக்கும்போது பல்லில் லேசாக நெருடும். மெத்தென்ற ஸ்பாஞ்ச் கேக்கை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். கேக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்கின் அங்கே இருக்கிறது.

கிராஸ்மியர் என்ற ஏரிக்கரை ஊரில் 1854 முதல் விற்றுவரும் ஜிஞ்சர்பிரெட் ஒன்று பெயர்பெற்றது. அது வேறு ரகம், பிஸ்கட் மாதிரி உதிரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வடக்கில் மட்டும் ஏன்? லண்டனில் கேட்டால் பலருக்குத் தெரியவே இல்லையே?

கோதுமை அங்கே சரியாக விளையாததால். பென்னைன் மலைச்சரிவுகளில் மழை அதிகம், வெயில் குறைவு. கோதுமை தலைதூக்கத் தயங்கும் அந்த நிலத்தில் ஓட்ஸ் பிழைத்துக்கொள்ளும். அதனால் ஒரு காலத்தில் எளிய குடும்பங்களின் அன்றாட ரொட்டியே ஓட்ஸ்தான். மாவைக் கரைத்து, சூடான கல்லில் மெல்லிசாக ஊற்றி, நம் தோசை மாதிரி எடுத்து, அடுப்புக்கு மேலே கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு வைப்பார்கள். அதற்கு ஹேவர்கேக் என்று பெயர். 'ஹேவர்' என்றால் ஓட்ஸ். முதுகில் மாட்டும் ஹேவர்சாக் பை இருக்கிறதே, அதுவும் ஜெர்மன் வழியாக வந்த அதே வேர்தான், ஓட்ஸ் கொண்டுபோகும் பை.

யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் ஆள் திரட்டிய 33ஆம் ரெஜிமென்ட்டுக்கு 'ஹேவர்கேக் லேட்ஸ்' (ஹேவர்கேக் பையன்கள்) என்று பட்டப்பெயரே இருந்தது. ஆள் பிடிக்க வரும் சார்ஜென்ட், வாள் நுனியில் ஒரு ஹேவர்கேக்கைக் குத்திக்கொண்டு வருவாராம். வந்தால் வயிற்றுக்குக் குறையில்லை என்று சொல்ல அதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? 1755இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்திலோ மக்களையே தாங்குவது என்று குறும்பாக எழுதினார். பென்னைன் மலைக்காரர்கள் அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

பார்கினுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு: தார்ஃப் கேக். 'தார்ஃப்' என்றால் புளிக்கவைக்காதது. ஓவன் இல்லாத வீடுகளில் கல்லில் சுட்ட தட்டை ரொட்டி அது. பண்டிகை வந்தால் அதில் இனிப்பும் கொழுப்பும் சேரும். பார்கின் என்ற பெயர் 1728லேயே யார்க்ஷயர் நீதிமன்றப் பதிவு ஒன்றில் வருகிறது. பார்கின் சுட ஓட்மீலைத் திருடியதாக ஒரு பெண் மேல் வழக்கு! 1800 நவம்பர் 6ஆம் தேதி, கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டோரதி தன் நாட்குறிப்பில், ரொட்டியோடு பார்கினும் சுட்டதாகக் குறித்திருக்கிறார். தேதியைக் கவனியுங்கள்.

ஏன், நவம்பரில் என்ன விசேஷம்?

நவம்பர் 5, பான்ஃபயர் இரவு. 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்தே தகர்க்க, பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தை அடுக்கிவைத்துக் காவல் இருந்தவர் கை ஃபாக்ஸ். சதிக்குத் தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி என்றாலும், கையும் களவுமாகப் பிடிபட்டதால் கை ஃபாக்ஸ் பெயர்தான் நிலைத்தது. மன்னர் தப்பியதைக் கொண்டாடச் சட்டமே போட்டார்கள். அது 1859 வரை நடப்பில் இருந்தது. சட்டம் போய்விட்டது, தீ மட்டும் இன்னும் எரிகிறது. அன்று இரவு மைதானங்களில் பெரிய சொக்கப்பனை, மேலே துணி பொம்மை, வாணவேடிக்கை. யார்க் நகரத்து செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் பொம்மையை எரிப்பதில்லை. கை ஃபாக்ஸ் அங்கே படித்தவர். பழைய மாணவரைக் கொளுத்துவது நாகரிகமில்லை அல்லவா?

அந்தத் தேதியில் லீட்ஸில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஈரப்புல்லில் நின்று வாணம் பார்க்கும்போது கோட்டுப் பைக்குள் ஒரு துண்டு பார்கின் இருந்தால் அதன் அருமை தெரியும். ஓட்ஸ் அறுவடை முடிந்து, புது மாவு அரைத்து வந்திருக்கும் பருவமும் அதுதான். ஆக, சதி நடக்காமல் போயிருந்தாலும் நவம்பரில் யாராவது இதைச் சுட்டிருப்பார்கள் என்பது என் கணக்கு.

சரி, அளவு சொல்லுங்கள்.

20 செ.மீ. சதுர டின் ஒன்றுக்கு: நடுத்தர ஓட்மீல் 200 கிராம், மைதா 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், கறுப்பு ட்ரீக்கிள் (கறுத்த கரும்புப் பாகு) 150 கிராம், கோல்டன் சிரப் (பொன்னிறக் கரும்புப் பாகு) 100 கிராம், அடர்நிற பிரவுன் சுகர் 100 கிராம், பால் 120 மி.லி., முட்டை ஒன்று, இஞ்சிப்பொடி மூன்று டீஸ்பூன், மிக்ஸ்டு ஸ்பைஸ் ஒரு டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் இரண்டு சிட்டிகை, சமையல் சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்.

மிக்ஸ்டு ஸ்பைஸ் என்பது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், மல்லி எல்லாம் சேர்ந்த இனிப்பு மசாலா. கரம் மசாலாவைப் போட்டுவிடாதீர்கள். ஒருவர் போட்டார். பார்கின் பிரியாணி வாசத்தில் வந்தது.

கப் கணக்கில் கேட்காதீர்கள், தராசு வையுங்கள். ட்ரீக்கிளைக் கப்பில் அளந்தால் பாதி கப்பிலேயே தங்கிவிடும்.

செய்முறை?

வெண்ணெய், ட்ரீக்கிள், சிரப், சர்க்கரை நான்கையும் ஒரு பாத்திரத்தில் போட்டு மிகச் சிறு தீயில் உருக்குங்கள். உருகினால் போதும், கொதிக்கக் கூடாது. பாகு கொதித்து முற்றினால் கேக் கல்லாகிவிடும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எதற்கும் இங்கே வேலை இல்லை. இறக்கி வைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் ஓட்மீல், மைதா, பொடிகள், சோடா, உப்பு எல்லாவற்றையும் கலந்து, நடுவில் குழிசெய்து, ஆறிய பாகை ஊற்றிக் கிளறுங்கள். அடித்த முட்டையையும் பாலையும் சேர்த்து, கட்டியில்லாமல் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள். மாவு கெட்டித் தோசை மாவை விடச் சற்றே தளர்ந்து, கரண்டியிலிருந்து தானாக வழிய வேண்டும். தண்ணியாக இருக்கிறதே என்று பயந்து மைதாவை அள்ளிப் போடாதீர்கள், ஓட்மீல் ஓவனுக்குள் போய்க் குடித்துக்கொள்ளும். பேக்கிங் பேப்பர் போட்ட டின்னில் ஊற்றி, 150 டிகிரி செல்சியஸில் (ஃபேன் ஓவன் என்றால் 130, பழைய கேஸ் ஓவன் என்றால் 2ஆம் எண்) ஒரு மணி நேரம் முதல் ஒரு மணி பத்து நிமிடம் வரை. நடுவில் அழுத்தினால் மெல்ல எழும்ப வேண்டும். குச்சி குத்திப் பார்த்தால் லேசாக ஒட்டிக்கொண்டு வருவது சரிதான். பளிச்சென்று காய்ந்து வந்தால் ஐந்து நிமிடம் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம்.

டின்னிலேயே முழுக்க ஆறவிடுங்கள். அப்புறம் பேப்பரோடு எடுத்துச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள். மூடியதைத் திறக்காதீர்கள். இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த ஓட்ஸ் வாங்குவது? கடையில் ஏழெட்டு வகை இருக்கிறதே.

உடைத்த ஓட்ஸில் பதம் மூன்று நான்கு உண்டு. 'பின்ஹெட்' என்பது நொய் பதம்; பார்கினுக்கு மிகப் பெரிது, ஒரு வாரம் ஆனாலும் பல்லுக்குக் கடினமாகவே இருக்கும். 'ஃபைன்' என்பது மாவுப் பதம். போட்டால் நெருடல் போய்விடும். 'மீடியம்' என்பது பம்பாய் ரவை பதம். அதுதான் வேண்டும். கிடைக்காவிட்டால் பின்ஹெட்டை மிக்ஸியில் விட்டு விட்டு நான்கைந்து சுற்று சுற்றினால் ரவை கிடைக்கும். கஞ்சி ஓட்ஸை அரைத்தும் செய்யலாம், ஆனால் அது ஏற்கெனவே ஆவியில் வேகவைத்து நசுக்கியது. சீக்கிரம் குழைந்துவிடும். ருசி வரும், கடி வராது.

ட்ரீக்கிள், கோல்டன் சிரப் இரண்டும் வேண்டுமா? ஒன்றே போதாதா?

இரண்டும் கரும்பிலிருந்து வருபவை, வேலை வேறு. சர்க்கரை சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கறுப்புப் பாகுதான் ட்ரீக்கிள். நிறமும் மெல்லிய கசப்பும் அதிலிருந்து வருகின்றன. அதற்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. சோடாவோடு சேர்ந்து மாவை எழுப்புவது அதுதான். ட்ரீக்கிளை மட்டும் போட்டால் கசந்து வழியும். சிரப் மட்டும் போட்டால் வெறும் இனிப்பு.

கோல்டன் சிரப் வயதில் இளையது. ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊர்க்காரரான ஏப்ரம் லைல், லண்டனுக்குக் கிழக்கே பிளெய்ஸ்டோவில் ஆலை வைத்து 1883இல் விற்க ஆரம்பித்தார். அதற்கு முந்தைய பார்கின் எல்லாம் ட்ரீக்கிளை நம்பியதுதான், இன்னும் கறுப்பு, இன்னும் கசப்பு. பச்சையும் தங்கமுமான அந்த டின்னில் படுத்திருக்கும் சிங்கம் தூங்கவில்லை, செத்துக் கிடக்கிறது. சுற்றிப் பறப்பவை தேனீக்கள். பைபிளில் சிம்சோன் கதையில் வரும் காட்சி. காலை உணவு மேசைக்குச் செத்த சிங்கத்தைத் தேர்ந்தெடுத்தவரின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன்.

பாதுஷாவுக்குப் பாகு காய்ச்சும்போது பூத்துப்போகாமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சை பிழிவோம் அல்லவா? கோல்டன் சிரப்பிலும் நடந்திருப்பது அதே வேதியியல். சர்க்கரையின் ஒரு பகுதி அமிலத்தால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்திருக்கும். அதனால் பாகு உறைவதில்லை, ஈரத்தையும் விடுவதில்லை.

குளிரில் ட்ரீக்கிள் டின்னை விட்டு வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஜனவரியில் என் வீட்டு அலமாரியில் ட்ரீக்கிள் தார் மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, டின்னைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மூடியோடு சூடாக்கக் கூடாது. உருக்கப் போகும் பாத்திரத்தையே தராசில் வைத்து நேராக அதில் ஊற்றினால் கரண்டி, கிண்ணம் எதுவும் பாழாகாது. கரண்டிதான் வேண்டும் என்றால் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பல வருடம் கிடந்த டின் உப்பியிருந்தால் திறக்காமலே குப்பைக்கு அனுப்புங்கள்.

குளிர்கால விஷயம் இன்னும் இரண்டு. முட்டையையும் பாலையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் வெண்ணெய் உறைந்து மாவில் திட்டுத் திட்டாக நிற்கும். ஓவன் சூடேறிவிட்டதாகக் காட்டிய பிறகும் பத்து நிமிடம் கூடுதலாகச் சூடேற விடுங்கள்.

இஞ்சிப்பொடிக்குப் பதில் பச்சை இஞ்சி துருவிப் போடலாமா?

வேண்டாம். பச்சை இஞ்சியின் காரம் வேறு, காய்ந்த இஞ்சியின் காரம் வேறு. காயும்போது இஞ்சியின் காரச் சத்து மாறி, இன்னும் உறைப்பான ஒன்றாகிறது. பார்கினில் தொண்டையில் மெல்லச் சூடேறுகிறதே, அது பொடியின் வேலை. கடையில் இஞ்சிப்பொடி என்று சின்னக் குப்பியில் விலைக்கு விற்பது வேறொன்றுமில்லை, நம் சுக்குப் பொடிதான். தமிழ்க் கடையில் வாங்கினால் காசு மிச்சம், காரமும் கூடுதல். என் அனுபவத்தில் மூன்று டீஸ்பூனுக்கு இரண்டரை போதும். சலித்துவிட்டுப் போடுங்கள், நார் இருக்கும்.

ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்', லத்தீன், கிரேக்கம் வழியே பின்னோக்கிப் போனால் பாலியின் 'சிங்கிவேர'வில் நிற்கும். அதன் பின்னால் இருப்பது நம் 'இஞ்சி வேர்' என்பது மொழியியலாளர்கள் பலரும் ஏற்ற விளக்கம். சொல்லோடு சரக்கும் போனது. இங்கிலாந்துக்குப் பின்னாளில் ஜமைக்கா இஞ்சி ஏராளமாக வந்திறங்கியது, ட்ரீக்கிளுக்கான கரும்பும் அதே கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. லிவர்பூல், லங்காஸ்டர் துறைமுகங்கள் பக்கத்திலேயே இருந்ததால் வடக்கத்தி ஏழை வீட்டுக்கும் இவை எட்டின. மலையில் விளைந்தது ஓட்ஸ் மட்டும்தான்.

சுட்ட அன்றே சாப்பிட்டோம். காய்ந்த மரத்தூள் மாதிரி இருந்தது. எங்கே தப்பு?

சாப்பிட்டதுதான் தப்பு.

என் முதல் வருடக் கதை இதுவேதான். ஓவனிலிருந்து எடுத்து அரை மணி நேரத்தில் வெட்டினேன். மேலே கடினம், உள்ளே வறட்சி, ஓட்ஸ் தனி, கேக் தனி. பாதியைத் தோட்டத்துப் பறவைகளுக்குப் போட்டேன். மீதியை டப்பாவில் வைத்து மறந்துவிட்டேன். எட்டு ஒன்பது நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தபோது கொடுக்க வேறெதுவும் இல்லாமல், தயங்கித் தயங்கி அதை நீட்டினேன். அவர் ஒரு வாய் கடித்துவிட்டு, நல்லவேளை அவசரப்படாமல் வைத்திருந்தாய் என்று பாராட்டினார். பறவைகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது? ட்ரீக்கிளிலும் சிரப்பிலும் இருக்கும் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வகை. மூடி இறுகி இருந்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. நடுவில் இருப்பது மெல்ல ஓரங்களுக்கும் மேல் ஓட்டுக்கும் பரவுகிறது. ஓவனில் அரைகுறையாக ஊறிய ஓட்மீல் மீதியை அங்கே குடித்து மெத்தென்று ஆகிறது. சுக்கின் முரட்டுக் காரமும் ட்ரீக்கிளின் கசப்பும் ஒன்றோடொன்று கலந்து அடங்குகின்றன. மூன்றாம் நாள் மேற்புறத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும். ஐந்தாம் நாள் வெட்டலாம். ஏழாம் நாள்தான் எனக்குப் பிடித்த நாள்.

அதிரச மாவைப் பாகு ஊற்றிப் பிசைந்தவுடன் யாராவது தட்டிப் போடுவார்களா? இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுத்தானே தொடுகிறோம். அதே கணக்குதான். இவர்கள் சுட்ட பிறகு ஊறவிடுகிறார்கள், நாம் சுடும் முன்பு. இதை முதலிலேயே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ஃப்ரிட்ஜ் வேண்டாம், அங்கே கேக் சீக்கிரம் இறுகிப்போகும். குளிர்கால அறைச்சூட்டில், இறுக மூடிய டப்பாவில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று ரொம்பவும் வறண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். மூடி சரியாக மூடாத டப்பா என்றால் ஊறுவதற்குப் பதில் காய்ந்துவிடும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். துண்டு போட்டு வைப்பதை விட முழுதாக வைத்து வேண்டும்போது வெட்டுவது நல்லது. உறையவைக்கவும் செய்யலாம். ஊறிய பிறகு வையுங்கள், ஊறும் முன்பு வேண்டாம்.

நடுவில் குழி விழுந்துவிட்டது.

லேசான குழி பார்கினுக்கு இயல்பு, இங்கே யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. கிணறு மாதிரி விழுந்தால் மூன்றில் ஒன்று: சோடா கூடிவிட்டது, பாதியில் ஓவனைத் திறந்து பார்த்தீர்கள், அல்லது நடு வேகவில்லை. முதல் 45 நிமிடம் ஓவன் கதவைத் தொடாதீர்கள். ஒருவேளை சோப்பு வாடையும் அடித்தால் சந்தேகமே வேண்டாம், சோடாதான். ஒரு டீஸ்பூன் என்றால் தலைதட்டி ஒரு டீஸ்பூன், குவித்து இல்லை.

ஒரு வாரம் வைத்தும் கல் மாதிரியே இருக்கிறது.

அதிகமாக வெந்துவிட்டது, இல்லாவிட்டால் பாகு கொதித்துவிட்டது. காப்பாற்றலாம். டப்பாவுக்குள் ஒரு ஆப்பிள் துண்டைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடுங்கள். ஒரு நாளில் ஈரம் கேக்குக்குப் போய்விடும். ஆப்பிளை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் துண்டை மைக்ரோவேவில் இருபது விநாடி காட்டி, மேலே சூடான கஸ்டர்டு ஊற்றிக் கொடுங்கள். வந்தவர்கள் அப்படித்தான் செய்முறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

முட்டை சேர்க்காமல் செய்யலாமா? கடையில் வாங்குவதில் பன்றிக் கொழுப்பு இருக்குமா?

முட்டை இல்லாமல் தாராளமாகச் செய்யலாம், பழைய செய்முறைகளில் பலவற்றில் முட்டையே கிடையாது. முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அடர்த்தியாக வரும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

இரண்டாவது கேள்விக்கு: இருக்கலாம். ஒரு காலத்தில் வெண்ணெய் விலை அதிகம், பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும்தான் கைக்கெட்டியவை. இன்றும் பழைய முறைப்படி சுடும் பேக்கரிகளில் அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. சாப்பிடாதவர்கள் லேபிளைப் படியுங்கள், லேபிள் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

யார்க்ஷயர் பார்கினா, லங்காஷயர் பார்கினா? எது அசல்?

இந்தக் கேள்வியை லீட்ஸில் நின்று கேட்டால் ஒரு பதில், லங்காஷயர் பக்கம் போல்டனில் நின்று கேட்டால் வேறு பதில். பொதுவாக யார்க்ஷயர்க்காரர்கள் ஓட்மீலும் ட்ரீக்கிளும் தூக்கலாகப் போடுவார்கள். லங்காஷயரில் சிரப் கூடி, நிறம் வெளுத்து, இனிப்பு ஏறியிருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு மாறும் சாம்பாருக்கு மாவட்ட எல்லை போட முடியுமா? மேலே சொன்ன அளவு யார்க்ஷயர் பக்கம் சாய்ந்தது. நான் இருக்கும் ஊர் அப்படி.

ஊரில் இருக்கிறேன். ட்ரீக்கிள் கிடைக்காது. கருப்பட்டியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதைக் கருப்பட்டி ஓட்ஸ் கேக் என்று சொல்லுங்கள், பார்கின் என்று யார்க்ஷயர்க்காரரிடம் காட்டாதீர்கள். 200 கிராம் கருப்பட்டியை 60 மி.லி. தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்குச் சுண்டவிட்டு ஆறவையுங்கள். ட்ரீக்கிள், சிரப் இரண்டுக்கும் பதில் இதில் 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் தேன் விட்டு நிரப்பலாம். கருப்பட்டிப் பாகை நம்பி மட்டும் சோடா பொங்காது, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பிரவுன் சுகருக்கு நாட்டுச் சர்க்கரை. வெயில் காலத்தில் இரண்டு வாரம் தாங்காது, நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள். குக்கரில் சுடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வளவு பாகு இருக்கும் மாவு அடியில் கருகிவிடும்.

எனக்கு லேகிய வாசம் அடிக்கிறது. பிரமையா?

இல்லை. சுக்கு, கரும்புப் பாகு, கொழுப்பு, நாலு மசாலா. தீபாவளி லேகியம் கிளறும் சட்டியிலும் ஏறக்குறைய இவைதான். இன்னொன்றும் உண்டு. 'ட்ரீக்கிள்' என்ற சொல்லே முதலில் மருந்தின் பெயர். விஷக்கடிக்கு என்று கிரேக்கர்கள் தேனில் குழைத்துச் செய்த 'தீரியாக்கா'தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ட்ரீக்கிள் ஆனது. மருந்துக்கடைக்காரர்கள் அந்தக் கசப்பைப் பாகில் குழைத்து விற்றார்கள். காலப்போக்கில் மருந்து மறைந்து, பாகுக்குப் பெயர் நின்றுவிட்டது. தீபாவளியும் பான்ஃபயர் இரவும் சில வருடங்களில் ஒரே வாரத்தில் வந்துவிடும். அப்போது இங்கே எந்த வெடி யாருடையது என்று சொல்ல முடியாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் சாப்பிடலாமா? ஓட்ஸ்தானே?

ஓட்ஸ் இருக்கிறது என்பதற்காக ஏமாற வேண்டாம். அளவுகளை மறுபடி படித்துப் பாருங்கள், கிலோவுக்குக் கால் பங்குக்கு மேல் பாகும் சர்க்கரையும். விரலளவுத் துண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

எதோடு சாப்பிடுவது?

சூடான, கொஞ்சம் ஸ்ட்ராங்கான பால் டீ போதும். வெண்ணெய் தடவிச் சாப்பிடுபவர்கள் உண்டு, வேக வைத்து மசித்த ஆப்பிளோடும் உண்டு. பான்ஃபயர் இரவில் கூடவே ட்ரீக்கிள் டாஃபி வரும், பல்லைப் பதம் பார்க்கும் கறுப்பு மிட்டாய். லங்காஷயரில் கறுப்புப் பட்டாணியை முந்தின இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, கப்பில் ஊற்றி மேலே வினிகர் தெளித்துத் தருவார்கள். முதல் முறை வாங்கியபோது தேங்காய் எங்கே என்று மனம் தேடியது. அந்தச் சுண்டலை முடித்துவிட்டு ஒரு துண்டு பார்கின் கடித்துப் பாருங்கள், வினிகர் புளிப்புக்குப் பிறகு இஞ்சி இன்னும் நன்றாக ஏறும்.

நவம்பர் 5க்கு எப்போது சுட வேண்டும்?

அக்டோபர் 29 அல்லது 30. இரண்டு டின்னாகச் சுடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்றை அலமாரியின் மேல்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வையுங்கள்.